எழுத்து கம்மியான பக்கம்

ஜூலை 1, செவ்வாய்

பெயிண்ட் கம்பெனிக்காரங்க வருஷா வருஷம் கடைக்கு ரெண்டு டைரி கொடுப்பாங்க. ஒண்ணு மாடிக்குப் போகும், ஒண்ணு கீழே வரும். மாடியில கோமதி அதுல ஹர்ஷிதாவோட மார்க்கையெல்லாம் தேதி வாரியா எழுதி வைக்காளாம். இன்னிக்குத்தான் பார்த்தேன். பச்சை மையில கோடு வேற. என்னோடது ஆறு மாசமா இட்லிக் கொப்பரைக்கு அடியில கிடந்துச்சு. தூசி தட்டி எடுத்துட்டேன். அவ எழுதினா எனக்கு எழுத வராதா? நானும் பிளஸ் டூ பாஸ்தான்.

கோமதி என் கொழுந்தன் பொண்டாட்டி. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே கடை, ஒரே வீடு. கீழே நாங்க, மேலே அவங்க. எனக்கு ஒரு பொண்ணு முகிலா. அவளுக்கு ஒரு பொண்ணு ஹர்ஷிதா. ரெண்டும் நாலாப்பு, ஒரே கிளாஸ், ஒரே ஆட்டோ. பார்க்கிறவங்க எல்லாம் ஒப்பிட்டுப் பேசட்டும்னே எங்க கோவில்பட்டி அம்மன் செண்பகவல்லித் தாயி பக்கத்துப் பக்கத்துல வச்சிருக்கா. என் பேரும் அவ பேருதான். எனக்காவது கொஞ்சம் பார்த்துச் செஞ்சிருக்கலாம்.

முகிலா இன்னிக்குக் கிளாஸ்ல பெஞ்சுக்கு அடியில படுத்துக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாளாம். சொன்னது யாரு? ஹர்ஷிதாதான். கேட்காமலே சொன்னா.

டைரியை எங்க ஒளிச்சு வைக்கப் போறேன்னு என் வீட்டுக்காரவுக கேட்டாக. எதுக்கு ஒளிக்கணும்? அவுகளுக்குக் கடைப் பில்லைத் தவிர வேற எதையும் படிக்கப் பொறுமை கிடையாது. முகிலாவா? பாடப் புத்தகத்தையே திறக்காத கழுதை, என் டைரியையா திறக்கப் போகுது? ஃபிரிட்ஜ் மேலேயே கிடக்கட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

ஷோபிகான்னு ஒரு பொண்ணோட கையைக் கடிச்சு வச்சிருக்கா. பல்லு பதிஞ்சிருக்காம். ஜாய்ஸ் மிஸ் போன் பண்ணி, "இந்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா பாடம் நடத்த?"ன்னு கேட்டாங்க. ஏன்டி கடிச்சேன்னு கேட்டா, "அவ என்னையப் பார்த்துச் சிரிச்சா"ன்னு சொல்லுதா. சிரிச்சா கடிப்பியா? ரெண்டு வச்சேன் முதுகுல.

ஆட்டோவுல இருந்து ஹர்ஷிதா இறங்கினா. கலையாத ரெட்டைச் சடை, மடிப்புக் கலையாத சட்டை. அவளுக்குப் பின்னால இறங்கினா என் மக. ஒரு சடை அவிழ்ந்து, ஒரு ஷூவைக் கையில பிடிச்சுக்கிட்டு.

ஜூலை 9, புதன்

நேத்து அந்தக் கூத்து அடிச்சவ இன்னிக்குத் தங்கம். ஒரு புகார் கிடையாது.

என் பிள்ளைக்கு மூளை இல்லைன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. காலையில தோசை ஊத்திக்கிட்டே பாடத்தை நான் சத்தமா வாசிப்பேன். அவ அடுப்பு மேடையில உட்கார்ந்து காலை ஆட்டிக்கிட்டே கேட்பா. நாலாவது தோசை வேகுறதுக்குள்ள அப்படியே திருப்பிச் சொல்லிருவா. ஒண்ணாப்புல இருந்து இப்படித்தான். மூணாப்பு வரைக்கும் வாய்ப் பரீட்சைதானே, அதையும் இப்படித்தான் பாஸ் பண்ணினா. கோமதி கூப்பாடு போட்டுக் கூப்பாடு போட்டு ஹர்ஷிதாவைப் படிக்க வைக்கா. எனக்கு அந்தச் சிரமமே கிடையாது.

சாயந்தரம் தக்காளி கேட்டு கோமதி கீழே வந்தா. காட்டணும்னே முகிலாவை வாசிக்கச் சொன்னேன். புத்தகத்தை விரிச்சு, விரலை ஓட்டி, குளத்துப் பாடத்தைக் கடகடன்னு வாசிச்சா பாருங்க, ஒரு இடத்துல திக்கலை. நான் கோமதி மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அவ குனிஞ்சு புத்தகத்தைப் பார்த்துட்டு, "யக்கா, அவ திறந்து வச்சிருக்கது எறும்புப் பாடம். வாசிக்கது குளத்துப் பாடம்"னா.

அவசரத்துல பக்கம் மாறியிருக்கும். அதைப் போய்ப் பெருசா சொல்லுதா. அடுத்த வீட்டுப் பிள்ளை நல்லா வாசிச்சா சில பேருக்குப் பொறுக்காது. அவ போனதும் உப்பு, வத்தல், தெருமண் எடுத்து முகிலாவுக்குச் சுத்தி அடுப்புல போட்டேன். மிளகாய் நெடியே வரலை. அப்போ கண்ணுதான், சந்தேகமே இல்லை.

ஜூலை 17, வியாழன்

தண்ணி பாட்டிலைத் திறந்து அவளோட இங்கிலீஷ் புத்தகத்து மேலேயே ஊத்தியிருக்கா. வேற யாரு புத்தகத்துலயும் இல்லை, அவ புத்தகத்துலயே. நாள் முழுக்கக் கிளாஸுக்கு வெளியே நிறுத்தி வச்சாங்களாம். வந்தவ மூஞ்சியில ஒரு வருத்தம் கிடையாது. சிரிச்சுக்கிட்டு வாரா.

புத்தகத்தை விளக்குச் சூட்டுல காய வச்சேன். அப்பளம் மாதிரி நெளிஞ்சு போச்சு.

ஜூலை 22, செவ்வாய்

ஜாய்ஸ் மிஸ்ஸோட மூக்குக் கண்ணாடியை எடுத்துச் சாக்பீஸ் டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா. அந்தம்மா ஒரு பீரியட் முழுக்கத் தேடியிருக்காங்க.

ஜூலை 23, புதன்

பொறுக்க முடியாம கழுகுமலை ஜோசியர்கிட்டப் போனேன். டைரியையும் கொண்டு போனேன். எந்தெந்தத் தேதின்னு கேட்டாரு. சொல்லச் சொல்ல விரலை மடக்கினாரு. "தாயி, பூராவும் செவ்வாக்கிழமையா வருது பாரு. பிள்ளைக்குச் செவ்வாய் உக்கிரமா நிக்கான்"னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நிசமாவே அப்படித்தான் வருது! வியாழக்கிழமை ஒண்ணு நடுவுல வந்துச்சேன்னு கேட்டேன். அது குருவோட பார்வையாம்.

செவ்வாய்க்கிழமை முருகனுக்கு நெய் விளக்கு, துவரம்பருப்பு தானம். வியாழக்கிழமை தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை. இனி இவ சரியாயிருவா.

ஜூலை 29, செவ்வாய்

ஆட்டோ ரிப்பேர், முகிலா பள்ளிக்கூடம் போகலை. விளக்கு ஏத்தினேன். ஒரு புகாரும் இல்லை. முருகா, நீ கண்கண்ட தெய்வம்.

ஹர்ஷிதாவை மட்டும் அவ அப்பா பைக்குல கொண்டு விட்டாரு. ஒரு நாள் லீவு போட்டா அவளுக்கு ரேங்க் போயிருமாம்.

ஜூலை 31, வியாழன்

நூத்தியெட்டுக் கொண்டைக்கடலை. ஊற வச்சு, ஊசியில கோத்து, விரல் பூரா ஓட்டை. கோயில்ல மாலையைச் சாத்திட்டுத் திரும்பறேன், போன் அடிக்குது. பக்கத்துப் பிள்ளையோட ஸ்கேலை ஒடிச்சுட்டாளாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நல்ல சேதியும் எழுதணும்ல. சுதந்திர தினத்துக்கு நாலாப்புல இருந்து ஒரே ஒரு பேச்சு. குரல் நல்லா இருக்குன்னு முகிலாவைச் சேர்த்திருக்காங்க. ஹர்ஷிதாவை இல்லை. முகிலாவை! பிளாஸ்டிக் ஒழிப்புன்னு தலைப்பு. நானே ரெண்டு பக்கம் எழுதினேன். மூணு தோசையில மனப்பாடம் பண்ணிட்டா. கையை நீட்டி அவ பேசுறதைப் பார்த்தா கலெக்டர் தோத்துப் போவாங்க.

கோமதிகிட்டச் சொன்னேன். "ரொம்பச் சந்தோசம்க்கா"ன்னா. மூஞ்சியில ஒரு மாத்தமும் இல்லை. நல்லா நடிக்கா.

ஆகஸ்ட் 14, வியாழன்

மேரின்னு ஒரு பிள்ளையைத் தள்ளி விட்டு, அது பெஞ்சுல இடிச்சு முன்பல்லு உடைஞ்சு போச்சு. ரத்தம். என்னையும் அவுகளையும் வரச் சொல்லி, பெரிய மிஸ் ரூமுல நிக்க வச்சாங்க. உட்காரச் சொல்லலை.

"இன்னும் ஒரே ஒரு புகார் வந்தா டி.சி.யை வாங்கிட்டுப் போயிருங்க. மத்த பிள்ளைங்களையும் நான் பார்க்கணும்ல?"னாங்க. நாளைக்குப் பேச்சும் கிடையாது. இனி இப்படி நடக்காதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு வந்தோம்.

டி.சி. வாங்கினா இந்த ஊர்ல நடு வருஷத்துல எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும்? சேர்த்தாலும், "அந்தப் பல்லு உடைச்ச பிள்ளையா?"ன்னுதான் கேட்பாங்க. மாடியில அவ பள்ளிக்கூடம் கிளம்புவா, கீழே இவ ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஹர்ஷிதா எனக்கு மகளாப் பிறந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 16, சனி

நேத்து அதுக்கு மேல எழுத முடியலை. இன்னிக்கு எழுதறேன்.

முகிலாவோட பேச்சை ஹர்ஷிதாவுக்குக் கொடுத்துட்டாங்க. நான் எழுதின பேச்சு. ஒரு நாள்ல மனப்பாடம் பண்ண முடியாதுன்னு, பேப்பரைப் பார்த்தே வாசிக்கச் சொல்லியிருக்காங்க. அவ மேடை ஏறி, பேப்பரை விரிச்சு, பார்த்தா, வாசிச்சா. அம்புட்டுதான். முன்னப்பின்ன கண்ணுல பார்க்காத ரெண்டு பக்கத்தை, பால் குடிக்கிற மாதிரி வாசிச்சுட்டு இறங்கிட்டா. எல்லாரும் கை தட்டினாங்க. கோமதி கண்ணைத் துடைச்சா.

முகிலா என் பக்கத்துல உட்கார்ந்திருந்தா. பேச்சு முழுக்க ஒரு வார்த்தை பிசகாம உதட்டை அசைச்சா. ஹர்ஷிதா ஒரு இடத்துல ஒரு வரியைத் தாண்டிட்டா. அந்த வரியை இவ மட்டும் சொன்னா, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

எனக்கு அப்போ இவளைக் கட்டிப் பிடிக்கத் தோணியிருக்கணும். தோணலை. மேடையில நின்ன அந்தப் பிள்ளையவே பார்த்துக்கிட்டு இருந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சாம். காக்கையைவிடக் கேடு கெட்டவளா நான்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்னிக்கு நடந்ததையும் எழுதிருதேன்.

சாயந்தரம் விளையாடப் போறேன்னு தினமும் முகிலா மாடிக்குப் போவா. துணி எடுக்க நான் மேலே போனேன். சிரிப்புச் சத்தம். முகிலாவோட சிரிப்பு. எட்டிப் பார்த்தா, தரையில தாம்பாளத்துல ரவையைப் பரப்பி, இவ விரலைப் பிடிச்சு கோமதி 'க' எழுத வைக்கா. நாலாப்புப் பிள்ளைக்கு 'க'! இவளும் கோமதி மடியில பாதி சாஞ்சுக்கிட்டு, "சித்தி, இன்னொண்ணு, இன்னொண்ணு"ங்கா. என் மடியில உட்கார்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு.

"என்ன நடக்குது இங்க?"ன்னு கேட்டேன்.

கோமதி எந்திரிச்சா. "யக்கா, கோபப்படாதீங்க. ஒரு மாசமா பார்க்கேன். முகிலாவுக்கு வாசிக்க வரலை. காதால கேட்டது எல்லாம் மனசுல நிக்குது. எழுத்தைப் பார்த்தா கோக்க முடியலை. கிளாஸ்ல சேட்டை பண்றதுகூட..."

"என் பிள்ளைக்கு வாசிக்க வரலையா? மேடையில உன் பிள்ளை என் பிள்ளையோட பேச்சை வாங்கிப் பேசினது பத்தலையா உனக்கு? இப்போ அவளை மக்குன்னு ஊரெல்லாம் சொல்லணுமா?"

"மக்குன்னு நான் சொல்லலைக்கா."

"நீ சொல்லவே வேண்டாம். ரவையைக் கொட்டி உட்கார வச்சிருக்கியே, அது சொல்லுது."

முகிலா கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டு வந்தேன். வரும்போது தாம்பாளத்தைக் காலால இடறிட்டேன். வேணும்னுதான் இடறினேன். டைரியிலயாவது உண்மையைச் சொல்லலாமே.

ஆகஸ்ட் 18, திங்கள்

இனிமே மாடிக்குப் போகக் கூடாதுன்னு சொல்லிட்டேன். சாயந்தரம் முழுக்க மாடிப்படியில கடைசிப் படியில உட்கார்ந்திருந்தா. நான் சொல்லிக் கொடுக்கறேன் வான்னேன். வந்தா. ரவை இல்லையான்னு கேட்டா. ரவை உப்புமாவுக்குன்னேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வயிறு வலிக்குதுன்னு காலையில சுருண்டு படுத்துக்கிட்டா. நேத்து ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டா. வேசம். அடிச்சு அனுப்பினேன். விளக்கு ஏத்தறதை நிறுத்திட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்னிக்கும் வயித்து வலி. ஓமத் தண்ணி கொடுத்தேன். குடிச்சுட்டு வாந்தி எடுத்தா.

செப்டம்பர் 4, வியாழன்

கிளாஸ் ஜன்னல் கண்ணாடியை டிபன் பாக்ஸால அடிச்சு உடைச்சுட்டா. முடிஞ்சது. பத்து நாள் பள்ளிக்கூடம் வர வேண்டாம், பதினஞ்சாம் தேதி ரெண்டு பேரும் வந்து டி.சி. வாங்கிக்கோங்கன்னுட்டாங்க.

அவுக கடைக்கும் போகலை. ஈசிசேர்ல உட்கார்ந்து மின்விசிறியவே பார்த்துக்கிட்டு இருந்தாக.

செப்டம்பர் 6, சனி

விடுபட்ட பாடத்தைப் பார்த்து எழுதிக்கட்டும்னு ஹர்ஷிதா அவளோட நோட்டைக் கொண்டாந்து வாசப்படியில வச்சுட்டு ஓடிட்டா. என்னைப் பார்த்தாலே பயப்படுது அந்தப் பிள்ளை. நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்துல டைம்டேபிள், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கலர். இதைக்கூட இப்படி அழகா ஒட்டி வைக்கணுமான்னு பொறாமையோடதான் பார்த்தேன்.

செவ்வாய், மூணாவது பீரியட்: தமிழ் வாசிப்பு. வியாழன், மூணாவது பீரியட்: இங்கிலீஷ் வாசிப்பு.

டைரியை எடுத்தேன். பெஞ்சுக்கடியில படுத்தது, செவ்வாய். கடிச்சது, செவ்வாய். கண்ணாடியை ஒளிச்சது, செவ்வாய். புத்தகத்துல தண்ணி ஊத்தினது, வியாழன். ஸ்கேலு, பல்லு, ஜன்னல், எல்லாம் வியாழன். ஒண்ணுகூடத் திங்கள் இல்லை, புதன் இல்லை, வெள்ளி இல்லை. ஜோசியர் மடக்கின அதே விரலை நானும் மடக்கினேன். ஆகாசத்துல கிடக்கிற கிரகத்தையெல்லாம் கும்பிட்டேன், பிள்ளையோட டைம்டேபிளை ஒரு நாள் பார்க்கலை.

முகிலாவைக் கூப்பிட்டேன். நான் இதுவரைக்கும் வாசிச்சுக் காட்டாத கடைசிப் பாடத்தைத் திறந்து, ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினேன். 'மரம்.' வேற ஒண்ணும் இல்லை, மரம்.

அவ பார்த்தா. என் மூஞ்சியைப் பார்த்தா. மறுபடியும் எழுத்தைப் பார்த்தா. உதடு காஞ்சு போச்சு. கழுத்துல வேர்வை. கையைச் சேலையில துடைக்கிற மாதிரி என் முந்தானையைப் பிடிச்சா. அப்புறம் மேசையில இருந்த காப்பி டம்ளரைத் தட்டி விட்டா. புத்தகம் பூரா காப்பி.

அடிக்கக் கை ஓங்கினேன். அவ கண்ணை மூடிக்கிட்டா. மூடின அந்த மூஞ்சியில ஒரு நிம்மதி இருந்துச்சு. அடி வாங்கிக்கலாம், வாசிக்க வேண்டாம். அதைப் பார்த்ததும் என் கை அப்படியே நின்னுடுச்சு. திமிருன்னு நினைச்சேனே பாவி, அது அத்தனையும் பயம்.

"எம்புட்டு நாளாட்டி இப்படி?"ன்னேன்.

"எழுத்து எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கும்மா. நான் ஒண்ணைப் பிடிக்கதுக்குள்ள முன்னாடி பிடிச்சது மறந்துருது. திக்கினா எல்லாரும் சிரிக்காங்க. சேட்டை பண்ணினா வெளிய அனுப்பிருவாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"ஹர்ஷிதா மாதிரி வாசின்னு சொல்லுவ."

செப்டம்பர் 7, ஞாயிறு

மாடிக்குப் பதினாலு படி. பதினோரு வருஷமா ஏறுறேன், இன்னிக்கு மாதிரி கனத்ததே இல்லை. பாதியில ரெண்டு தடவை திரும்பிட்டேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் கூடத்தை மட்டும் இல்லை, சொல்லிக் கொடுக்க வந்தவளையும் கோணல்னு சொன்னவ.

கோமதி வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தா. நான் ஒரு கிலோ ரவையை அவ முன்னால வச்சேன். அன்னிக்குக் கொட்டினதுக்கு. வேற எப்படிப் பேச்சை ஆரம்பிக்கன்னு தெரியலை.

அவ பாக்கெட்டைப் பார்த்துட்டுச் சிரிச்சுட்டா. பிறகு அழுதா. அவ தம்பி ஒருத்தன் இப்படித்தானாம். வாசிக்க வராம, அடி தாங்காம, ஆறாப்புல ஓடிப் போய் ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தானாம். "அவனை யாரும் கவனிக்கலைக்கா. நானே அவனைப் பார்த்துச் சிரிச்சிருக்கேன். அதான் முகிலாவை விட மனசு வரலை"ன்னா.

"எங்க வீட்டுல ஹர்ஷிதா சத்தமாச் சிரிச்சு நீங்க கேட்டிருக்கீங்களா? ஒரு மார்க் குறைஞ்சா நகத்தைக் கடிச்சு ரத்தம் வர வச்சுக்கிறா. உங்க முகிலா கலகலன்னு பேசுறதைக் கேட்டு நான் ஏங்கியிருக்கேன்"னா.

அதைக் கேட்டதும் மனசுக்குள்ள ஒரு குளுமை. ஒரு பச்சப்பிள்ளை நகத்தைக் கடிக்குதுன்னு கேட்டுக் குளுந்து போறேனே, என்னை எந்த அடுப்புல போட? ஆனா குளுந்துச்சு. பொய் சொல்லலை.

செப்டம்பர் 12, வெள்ளி

திருநெல்வேலியில பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். நான், முகிலா, கோமதி. ஒரு மேடம் ரெண்டு மணி நேரம் இவகூட விளையாட்டு மாதிரியே உட்கார்ந்து சோதிச்சாங்க. கண்ணு நல்லா இருக்கு, காது நல்லா இருக்கு, மூளை நல்லாவே இருக்கு. எழுத்தையும் சத்தத்தையும் கோக்கிற இடத்துலதான் சிக்கல். சோம்பேறித்தனம் கிடையாது. மெதுவாச் சொல்லிக் கொடுக்கணும், நாளாகும், மாசக்கணக்கு ஆனாலும் ஆகும்னாங்க.

"நீங்க வாசிச்சு வாசிச்சுச் சொல்லிக் கொடுத்ததாலதான் இத்தனை நாள் வெளிய தெரியலை"ன்னு என்னைப் பார்த்துச் சொன்னாங்க. திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பஸ்ல முகிலா கோமதி தோள்ல சாஞ்சு தூங்கினா. ஜன்னல் பக்கம் காத்து நல்லா வருதுன்னு முகிலாவைக் கோமதிக்கு அந்தப் பக்கம் உட்கார வச்சது நான்தான். இருந்தாலும் கோவில்பட்டி வரைக்கும் அந்தத் தோளையே பார்த்துக்கிட்டு வந்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

டி.சி. எழுதித் தயாரா வச்சிருந்தாங்க. நான் ஆஸ்பத்திரி சீட்டை வச்சேன். பக்கத்துல இந்த டைரியையும் ஹர்ஷிதாவோட டைம்டேபிளையும் வச்சேன். ஜாய்ஸ் மிஸ் தேதியை ஒண்ணொண்ணாப் பார்த்தாங்க. பார்க்கப் பார்க்க மூஞ்சி மாறிப் போச்சு. "என் பீரியட்லதானா..."ன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டாங்க.

அரையாண்டு வரைக்கும் பார்ப்போம்னு பெரிய மிஸ் சொல்லிட்டாங்க. கிளாஸ்ல திடீர்னு எழுப்பி வாசிக்கச் சொல்ல மாட்டாங்க. ரெண்டே வரி, அதுவும் முந்தின நாளே சொல்லிருவாங்க.

மேரி வீட்டுக்குப் போய் அவ அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். முகிலாவும் கேட்டா. மேரி பல்லைக் காட்டிச் சிரிச்சா, ஓட்டை தெரிஞ்சது.

செப்டம்பர் 16, செவ்வாய்

ரெண்டு சடையும் அவிழாம, ரெண்டு ஷூவும் கால்லயே இருக்க ஆட்டோவுல இருந்து இறங்கினா.

புகார் இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

புகார் இல்லை. வயித்து வலியும் இல்லை. காலையில ஆறு தோசை.

அக்டோபர் 5, ஞாயிறு

தினம் அரை மணி மாடியில, அரை மணி கீழே. நான் 'ட' சொல்லிக் கொடுத்தா, "சித்தி மாதிரி சொல்லும்மா"ங்கா. சித்தி மாதிரி! சித்தி எப்படிச் சொல்லுவாளோ! நான் ஒரு தடவை அவசரப்பட்டு அந்தச் சொல்லை நானே சொல்லிட்டேன். "நீ சொல்லாத, நான் பிடிக்கேன்"னு கையால என் வாயைப் பொத்தினா.

செண்பகவல்லித் தாயி, உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கேன். யாரு துணையும் இல்லாம இவ வாசிக்கிற முதல் வரியை எங்கிட்டத்தான் வாசிக்கணும். மாடியில இல்லை. எங்கிட்ட. இதுகூடக் கொடுக்க மாட்டியா?

அக்டோபர் 21, செவ்வாய்

நேத்து தீபாவளி. பட்டாசு டப்பாவுல 'கம்பி மத்தாப்பு'ன்னு தானா வாசிச்சுட்டாளாம். எல்லாரும் ஓடி வந்து சொல்லுதாங்க. எங்க வாசிச்சா? மாடியில. யாருகிட்ட? கோமதிகிட்ட. நான் கீழே அதிரசத்தைத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்தேன்.

சந்தோசம்தான். சந்தோசப்பட்டேன். ஒரு அதிரசம் கருகிப் போச்சு.

அது ரெண்டு சொல்லுதான், ஒரு வரி ஆகாது.

நவம்பர் 2, ஞாயிறு

மத்தியானம் மாவாட்டிக்கிட்டு இருந்தேன். முகிலா பின்னால வந்து நின்னா.

"அம்மா, நானா ஒரு வரி வாசிச்சேன். யாரும் சொல்லித் தரலை. சித்திக்கே தெரியாது. உன்கிட்டத்தான் முதல்ல."

எனக்குக் கிரைண்டரை நிறுத்தக்கூடத் தோணலை. கை பூரா மாவு. "வாசிட்டி என் தங்கம், வாசி"ன்னு அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். அவளும் எதிர்ல சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால வச்சிருந்ததை எடுத்து மடியில விரிச்சா.

இந்த டைரி.

விரலை வச்சா. "ஹ...ர்...ஷி...தா. ஹர்ஷிதா." மூச்சு வாங்கினா. "எ...ன...க்கு. எனக்கு. ம...க...ளா...ப்." நான் நிறுத்துன்னு சொல்லணும். அந்த விரலையே பார்த்துக்கிட்டு இருந்தேன். "பி...ற...பிற...ந்...தி..." திக்கினா. விரலை எடுக்கலை. திரும்ப முதல்ல இருந்து வந்தா. சிரிக்க அங்க யாரும் இல்லை, அவளுக்கு அவசரமும் இல்லை. "பிறந்...திரு...க்க...லாம். பிறந்திருக்கலாம்."

கிரைண்டர் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

"ஏன் இந்தப் பக்கம்?"னு கேட்டேன்.

"இதுலதாம்மா எழுத்து கம்மியா இருந்துச்சு."

அவ வாசிக்கிற மும்முரத்துல அர்த்தம் பின்னாலதான் வந்திருக்கும். வந்துட்டது, கண்ணுல தெரிஞ்சது. ஆனா அவ அதைக் கேட்கலை. "படிச்சது சரியாம்மா?"ன்னுதான் கேட்டா.

தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். "அது அப்படி இல்லட்டி, ஹர்ஷிதா எனக்கு மக மாதிரின்னு எழுதியிருக்கேன், நீ தப்பாப் படிச்சுட்ட"ன்னு சொன்னா நம்பிருவா. இத்தனை வருஷமா அவ செஞ்சதையெல்லாம் தப்புன்னுதானே சொல்லியிருக்கோம், இதையும் நம்புவா. நான் தப்பிச்சுருவேன். அவ மறுபடியும் எழுத்தைப் பார்த்தா வேர்த்துப் போவா.

"சரி"ன்னேன். "ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ரொம்பச் சரியாப் படிச்சிருக்க."

அவ சிரிக்கலை. "அப்போ அது நெசமா?"

"படிச்சது சரிட்டி. எழுதினதுதான் தப்பு. அம்மா தப்பா எழுதிட்டேன். உனக்குத் தெரிஞ்ச பேச்சை அவ வாசிச்சுட்டாளேன்னு பொறாமையில எழுதினேன். அம்மா ஒரு பொறாமைக்காரி."

அந்த வரியை இன்னொரு தடவை விரலால தடவினா. அப்புறம் எந்திரிச்சுப் போனா. போயிட்டா, அவ்வளவுதான், மாடிப்படியில போய் உட்கார்ந்துருவான்னு நினைச்சேன். பையைத் துழாவுற சத்தம் கேட்டுச்சு. சிவப்புப் பேனாவோட திரும்பி வந்தா. அந்த வரி மேல மூலைக்கு மூலை ஒரு பெரிய தப்புப் போட்டா. பேப்பர் கிழியிற மாதிரி அழுத்திப் போட்டா. எத்தனை வாங்கியிருக்கா, போடத் தெரியாதா?

"பத்துக்கு எத்தனை?"ன்னு கேட்டேன்.

"சைபர்"னா. போட்டா. சுத்தி ஒரு வட்டமும் போட்டா. பேனாவை என்கிட்ட நீட்டினா. "சைபர் வாங்கினா பெத்தவங்க கையெழுத்துப் போடணும்."

மாவுக் கையோட போட்டேன். செண்பகவல்லி. அவ குனிஞ்சு அதையும் எழுத்துக் கூட்டி வாசிச்சா. 'வல்லி'யில கொஞ்சம் திக்கினா, பிடிச்சுட்டா. பிறகுதான் மடியில வந்து விழுந்து அழுதா, நான் அழுதேன், மாவு பூரா தலையில.

நவம்பர் 3, திங்கள்

டைரியை இனிமே பீரோவுல வச்சுப் பூட்டணும். வீட்டுல வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளை இருக்கு.